கைராசி நோட்டு

எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியரைப் பற்றி விசாரித்தால் "ஆள் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். மருந்து எப்படி என்று யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. நல்ல மனுஷன், காசுக்கு அலையாதவர், கைராசிக்காரர் என்று பதில் வந்துவிட்டால் போதும். மறுநாள் விடியுமுன் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிவிடுவோம். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. ஆள் போனிலேயே வந்துவிடுகிறார். போன மாதம் என் மதினி ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, கூடவே பேசியும் அனுப்பியிருந்தார்: "தம்பி, இவரு பேசுறதப் பாத்தா பொய் சொல்லுத ஆளாத் தெரியல. நீங்க என்ன சொல்லுதிய?" அண்ணனுக்கு ஈரலில் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. வீடியோவில் இருந்தவருக்கு வெள்ளை வேட்டி, நரைத்த தாடி, தணிந்த குரல், நல்ல தமிழ். ஓரிடத்திலும் அவர் குரலை உயர்த்தவில்லை. பொய் சொல்லுகிற ஆளாக எனக்கும் தெரியவில்லை. ஊருக்குச் சொல்லுகிற கஷாயத்தை அவரும் தினமும் காலையில் குடிக்கிறார் என்றே நினைக்கிறேன்.

பொய்யர்களைப் பற்றி எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற இளம்பெண், தன் மூளைப் புற்றுநோயைச் சாப்பாட்டாலேயே வென்றதாகச் சொல்லி, அதை வைத்துச் செயலியும் சமையல் புத்தகமும் விற்றார். தனக்குப் புற்றுநோயே இருந்ததில்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் நாட்டில் 1954லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு என்று ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களைச் சொல்லி, இவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. எழுபது வருஷம் கழித்து, 2024இல், பதஞ்சலியின் விளம்பரங்களுக்காக ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நாளிதழில் வெளியிட்ட மன்னிப்பு, முன்பு வெளியிட்ட விளம்பரத்தின் அளவில் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. எங்கள் தெருச் சுவர்களில் ஆளுயர எழுத்தில் இருக்கும் மூல நோய் விளம்பரங்களைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பொய்யர் என்றைக்காவது அகப்படுவார். தான் சொல்வதைத் தானே முழுதாக நம்புகிறவரை எதை வைத்துப் பிடிப்பது? அப்படி ஒருவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

எங்கள் ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒரு வைத்தியர் இருந்தார். மஞ்சள் காமாலைக்கு மட்டும்தான் பார்ப்பார். அப்பா கொடுத்த மருந்து, அவருக்கு அவர் அப்பா கொடுத்தது. வயல் வரப்பிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, கழுவி, அம்மியில் அரைத்து, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி ஆட்டுப்பாலில் கரைத்துக் கொடுப்பார். மூன்று நாள் காலை. எண்ணெய் கூடாது, புளி கூடாது, மீனும் கறியும் ஒரு மண்டலத்துக்கு நினைக்கவே கூடாது. வெற்றிலை பாக்கில் ஒன்றேகால் ரூபாய் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பைசா வைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவர் அப்பா சொன்னது. என் அத்தைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தபோது அவரிடம்தான் கூட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது வாரம் அத்தை எழுந்து களையெடுக்கப் போனாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் தேங்காயும் கொண்டுபோய் வைத்தியர் காலில் விழுந்து வந்தாள்.

பத்து வருஷம் கழித்துப் பெரியப்பாவுக்கும் மஞ்சள் வந்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை, குமட்டல் இல்லை, வலியும் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு மட்டும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்று பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதே கீழாநெல்லி, அதே ஆட்டுப்பால், அதே ஒன்றேகால் ரூபாய். மஞ்சள் கூடிக்கொண்டே போனது. உள்ளே இருக்கிற பித்தத்தை மருந்து வெளியே தள்ளுகிறது, அதனால்தான் கூடுகிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன், அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். குறைந்தால் மருந்து கேட்டது, கூடினாலும் மருந்து கேட்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தக்குழாயை நெரித்துவிட்டது என்றார்கள். அந்த நோயில் இரண்டு மாதம் முன்னால் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் அரிப்பில்லாமல் தூங்கியிருப்பார்.

அத்தைக்கு வந்தது, அந்தக் கோடையில் பொதுக் கிணற்றுத் தண்ணீரால் ஊரில் பலருக்கும் வந்த காமாலை. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் தண்ணீர் வழியாகப் பரவும் ஏ வகையும் ஈ வகையும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். ரத்தத்தின் வழியே வரும் பி வகையைக்கூடப் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களின் உடம்பு தானே துரத்திவிடுகிறது. கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், கொத்தமல்லி கொடுத்தாலும் போகும். மருந்து கொடுத்த கைக்குத்தான் ராசி போய்ச் சேர்கிறது. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்து வருகிற மஞ்சள் அப்படிப் போகாது. கண்ணில் தெரிகிற நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சன்னிதித் தெருவில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வயிறு என்று உருக்கள் விற்பார்கள். நேர்ந்துகொண்டு குணமானவர்கள் வாங்கிக் கொண்டுபோய் உண்டியலில் போடுகிறார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அங்கே பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டையைத் தட்டாமல் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறவன். ஆனால் கடைத் தட்டில் குவிந்திருக்கும் வெள்ளிக் கண்களைப் பார்க்கிறபோது, நேர்ந்துகொண்டும் பார்வை போனவர்களுக்கு உரு செய்ய ஒரு தட்டானும் இல்லையே என்று தோன்றும். அவர்கள் மறுபடி ரயிலேறத் தெம்பில்லாமல் வீட்டில் இருப்பார்கள். குணமாகாதவர்களின் கணக்கு கோயிலுக்கு வேண்டியதில்லை. மருந்து கொடுக்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

கீழாநெல்லிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களும் நம் ஊர்க்காரர்களே என்பதை நம் இயற்கை வைத்தியப் பேச்சாளர்கள் பாதி மட்டும் சொல்வார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ். பி. தியாகராஜனும் குழுவினரும், பி வகை வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் புளும்பெர்க்கோடு சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடம்பில் நிரந்தரமாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லித் தூள். இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் தூள். மருந்து தின்ற 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்துவிட்டது. வெறும் தூள் தின்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. சாதாரணச் செய்தி இல்லை. அப்போது அந்த நோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மலிவான மருந்து எதுவும் கிடையாது. வரப்பில் மிதிபடுகிற செடி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இதுவரைக்கும் மேடைகளில் வரும். அதற்கப்புறம் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நம் மும்பையிலுமே செய்து பார்த்தார்கள். சென்னையில் கிடைத்த பலன் கிடைக்கவில்லை. செடி வேறாக இருக்கலாம் என்றார்கள், நியாயமான சந்தேகம்தான். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு செடிகளை நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கட்டித் தருகிறார்கள். மண் வேறு, பறிக்கிற பருவம் வேறு என்றும் சொன்னார்கள். 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, வெறும் மாத்திரையைவிட மேல் என்று சொல்ல நம்பத் தகுந்த சான்றில்லை என்று முடித்தது. எனக்கு அந்த முதல் கட்டுரையில் உறுத்திக்கொண்டே இருப்பது அந்த இரண்டு எண்கள். 37க்கு எதிரே ஏன் 23? வெறும் தூள் பக்கம் ஏன் ஆள் குறைவு? வராதவர்கள் எப்படி இருந்தார்கள்? இந்தக் கேள்வியை முப்பது வருஷத்துக்கு மேலாகியும், ஈரலைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் கேட்க முடிகிறது என்றால், அவர்கள் அதை எண்ணி அச்சில் போட்டார்கள் என்பதால்தான். எவ்வளவு கொடுத்தோம், எத்தனை நாள் கொடுத்தோம், எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வேண்டுமானால் நீயும் செய்து பார் என்று அதற்கு அர்த்தம். தியாகராஜன் மீது என் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

சர்ப்பகந்தா என்ற மூலிகைக்கும் இதே பாதைதான், அது கரையேறியது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் ரத்த அழுத்த நோயாளிகளின் கணக்கைப் போட்டார். சில வருஷங்களில் அதன் சத்தை ரெசர்பின் என்று பிரித்தெடுத்து உலகமெங்கும் மாத்திரையாக விழுங்கினார்கள். விழுங்கியவர்களில் சிலர் காரணமில்லாமல் மனம் சோர்ந்துபோவதும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. "எங்கள் மருந்தில் சைடு எஃபெக்ட்டே கிடையாது" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு முதலில் தோன்றுவது, அந்த மருந்து ஒன்றும் செய்வதில்லை அல்லது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டில் ஒன்று என்பதுதான்.

காசு வாங்காதவர் ஏமாற்ற மாட்டார் என்பது நம் ஊர் இலக்கணம். 2021 மே மாதம் நெல்லூர்ப் பக்கம் கிருஷ்ணபட்டினத்தில் ஆனந்தய்யா இலவசமாகத்தான் கொரோனாவுக்கு மருந்து கொடுத்தார். தமிழ்நாட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் ஆயிரக்கணக்கில் கூட்டம் நெருக்கியடித்து, விநியோகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தை இழுத்ததில் ஒரு வீடியோவுக்கும் பங்குண்டு: மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கண்ணில் சொட்டு விட்ட சில நிமிஷத்தில் தேறிவிட்டதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். மாதக் கடைசியில் அவர் அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதே சமயத்தில் ஆந்திர அரசும் தீர்ப்புச் சொன்னது: சாப்பிடுகிற மருந்தால் கெடுதலில்லை, நோய் தீரும் என்பதற்கும் ஆதாரமில்லை, கொடுத்துக்கொள்ளலாம், கண் மருந்துக்கு அனுமதி இல்லை. முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்?

ஆயிரமாயிரம் வருஷ அனுபவம் என்பார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். எது பேதியாகும், எது வாந்தியாகும், எதை எதோடு சேர்த்தால் உயிருக்கு ஆபத்து என்பதையெல்லாம் பாட்டன்மார் சரியாகவே கண்டு வைத்திருக்கிறார்கள். இன்று தின்று நாளை கெடுத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இருபது வருஷம் கழித்துக் கெடுத்தால்? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை தின்ற பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி மாறி வந்திருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு வருஷங்கள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனம் நமக்கு அந்நியமில்லை. குடல்பூச்சிக்கும் தோல் வியாதிக்கும் நாம் சொல்லும் ஆடுதின்னாப்பாளை அதுதான். விஷக்கடிக்குச் சொல்லும் ஈஸ்வரமூலியும் அதுதான்; அதற்குப் பெருமருந்து என்றே இன்னொரு பெயர். சிறுநீரகத்தைக் கெடுத்த அமிலம் இரண்டிலும் இருக்கிறது. பாம்புக் கடிக்குக் கொடுத்த வைத்தியர், பிழைத்தவனைப் பார்த்தார். அதே ஆள் ஐம்பத்தைந்து வயதில் சிறுநீரில் ரத்தம் போய்ச் செத்ததை அவர் எப்படிச் சேர்த்துப் பார்த்திருக்க முடியும்? (ஆடு தொடாது என்று பெயரிலேயே சொல்லி வைத்தவர்கள், ஆட்டிடம் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.)

சீந்தில் கொடி விஷயம் இன்னும் கிட்டத்தில் நடந்தது. எதிர்ப்பு சக்திக்கு என்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொதித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள், அதைக் குடித்து ஈரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷம் பல ஊர் ஆஸ்பத்திரிகளின் கணக்கைச் சேர்த்தபோது 43 பேர் ஆயிற்று. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதே சாயலுள்ள வேறு கொடியாக இருக்கும் என்றது. இருக்கட்டும். கோடிக்கணக்கானோர் குடித்ததில் 43 என்பது மிகச் சிறிய எண் என்றும் வாதிடலாம், அதிலும் நியாயம் உண்டு. எனக்குத் தைத்தது வேறு. அந்த 43 பேரில் ஒருவராவது, சீந்தில் குடிக்கச் சொன்னவரிடம் போய், "ஐயா, எனக்கு இப்படி ஆகிவிட்டது" என்று சொல்லியிருப்பாரா? மஞ்சள் பூத்த கண்ணோடு அவர் போன வாசல் வேறு. சொன்னவருடைய உலகத்தில் சீந்தில் இன்றைக்கும் ஒருவரையும் கெடுக்காத மருந்து.

ஆங்கில வைத்தியத்தின் யோக்கியதை என்ன என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். பைபாஸ் ரோட்டில் நிற்கிற ஆஸ்பத்திரிப் பலகைகள் எத்தனை ஆயிரம் மூட்டு மாற்றினோம் என்று சொல்கின்றன. மாற்றியவர்களில் எத்தனை பேர் மறுபடி மேஜைக்கு வந்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. அந்தப் பலகையும் வெள்ளிக் கண்களின் தட்டுதான். எதிர்ப்பக்கம், எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவர், பட்டம் படித்தவர், காமாலை என்று வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்புவார்; மருந்து கொடுக்கும்போதே, "மூணு வாரத்துல எறங்கலன்னா எங்கிட்ட வராதீங்க, இந்தச் சீட்டை எடுத்துக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுவார். கூட்டம் அவரிடம் குறைவு. தயங்கிப் பேசுகிறவரை நாம் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

மதினிக்கு என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வீடியோக்காரரின் இருபது முப்பது பேச்சுகளையும் கேட்டுப் பார்த்தேன். குணமானவர்கள் வந்து கண்கலங்கிப் பேசுகிறார்கள், நிஜமான கண்ணீர். தன்னிடம் வந்தும் குணமாகாமல் போன ஒருவரைப் பற்றி அவர் ஓரிடத்திலாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு முறை வந்தது: பத்தியம் தவறியவர்களுக்குப் பலிக்காது என்றார். அண்ணனுக்குக் காலை நடையும் இரவுச் சாப்பாட்டில் பாதியும் போதும், ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று பதில் அனுப்பினேன். "அது எங்களுக்கும் தெரியும் தம்பி, இவரு எப்படின்னுதான கேட்டேன்" என்று மதினி திருப்பி அனுப்பினார். நல்லவராகத்தான் தெரிகிறார் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

பெரியப்பா போய் நாலைந்து வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில், அந்தக் காமாலை வைத்தியர் வீட்டில் இறங்கினேன். சண்டை போடும் எண்ணம் இல்லை. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்பார்வை மங்கியிருந்தது. அப்பா பெயரைச் சொன்னதும், "வாங்க தம்பி" என்று காலை மடக்கிக்கொண்டார். பேச்சுக்கு நடுவே உள்ளே போய் நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். தேதி, பெயர், ஊர், எத்தனை உருண்டை என்று எல்லாம் எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. சில பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் சுழித்திருந்தது.

"இது என்ன தாத்தா?"

"அது சொகமாயி தேங்காப்பழத்தோட வந்தவுங்க."

சுழிப்பு இல்லாதவைதான் அதிகம். அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"வராதவுங்களும் சொகமாத்தான் இருப்பாவ. நோவு இருந்தா வந்திருப்பாவல்லா?" அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

பெரியப்பா பெயரைச் சொன்னேன். ஊரும் வருஷமும் சொன்னதும் விரலை வைத்துத் தேடி அவரே பக்கத்தைக் கண்டுபிடித்தார். ஆறு உருண்டை என்று இருந்தது. இரண்டு தடவை வந்திருக்கிறார். நேரே சுழிப்பு இல்லை. "நல்லா இருக்காவளா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எந்த மாசம் தம்பி?" என்று கேட்டார். மாசி என்றேன். பெயருக்கு நேரே மாசி என்று மட்டும் எழுதினார்.

எழுதிவிட்டு நோட்டை மூடவில்லை. முந்தின பக்கத்தைப் புரட்டினார், அதற்கு முந்தினதைப் புரட்டினார். சுழிப்பு இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் வாசித்துக்கொண்டே போனார். வாசலில் துண்டைத் தலையில் சுற்றிய ஒரு ஆள், மஞ்சள் பூத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவர் நிமிரவில்லை.